பெசமே முச்சோ: ஒரு பியானோக்காரப் பெண்ணின் பாட்டு

‘பெசமே முச்சோ’ பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வந்து விழுவது ஒரே கதைதான். இந்தப் பாட்டை எழுதியபோது, எழுதிய பெண் யாரையும் முத்தமிட்டதே இல்லை. ‘என்னை முத்தமிடு, நிறைய முத்தமிடு’ என்று பாதி உலகத்தைப் பாட வைத்தவருக்கு முத்தம் என்பது வெறும் கற்பனை. கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்கிற கதை. கட்டுக்கதையும் இல்லை; கொன்சுவேலோ வெலாஸ்கெஸே பேட்டிகளில் சொன்னதுதான். ஆனாலும் எனக்கு அந்தக் கதைமேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. சொல்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏதோ ஒரு வெகுளிப் பெண்ணுக்கு ராத்திரி ஒரு கனவு வந்தது, காலையில் பாட்டு வந்துவிட்டது என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பெண் வருடக்கணக்கில் பியானோ கற்றவர், மேடை ஏறி வாசித்தவர், வேறொரு பெரிய இசையமைப்பாளரின் துயரமான மெட்டு ஒன்றை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தவர் என்பதெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. எனக்கு அந்தப் பியானோக்காரரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கொன்சுவேலோ பிறந்தது மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், சியுதாத் குஸ்மான் என்ற ஊரில். பெரும் சுவரோவியங்கள் வரைந்த ஹோசே கிளெமெந்தே ஒரோஸ்கோ பிறந்ததும் அதே ஊர்தான். சின்ன வயதிலேயே குடும்பம் குவாதலஹாரா நகரத்துக்குக் குடிபோனது. பியானோ பாடம் அங்கே தொடங்கியது. அப்புறம் மெக்சிகோ நகரத்துக்கு வந்து, மேடைக் கலைஞராகவும் இசை ஆசிரியராகவும் பட்டம் வாங்கினார். 1938 இல் அந்நகரத்தின் பெயாஸ் ஆர்தெஸ் மாளிகையில் அவருடைய கச்சேரி நடந்தது. நாட்டின் முதன்மையான கலை அரங்கம் அது. நம் ஊரில் மியூசிக் அகாடமி மேடை ஏறுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேடையில் வாசிக்கிறவர் பாட்டு கேட்டு மயங்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண்ணாக இருக்க முடியாது. முறையாகத் தேறிய இசைக்கலைஞர்.

வயது விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. அவர் பிறந்த ஆண்டு பல புத்தகங்களில் 1924 என்று இருக்கிறது. இன்னும் சிலவற்றில் 1916. ‘பதினாறு வயதுகூட ஆகாத பெண் எழுதிய பாட்டு’ என்று சொல்வதற்கு 1924 தான் வசதி. பாட்டு வெளியானது 1940 வாக்கில். கழித்துப் பார்த்தால் பதினாறு வந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கை 1938 கச்சேரிக்குப் போட்டுப் பாருங்கள். பதினான்கு வயதில் பட்டமும் வாங்கி பெயாஸ் ஆர்தெஸில் தனிக் கச்சேரியும் செய்திருக்க வேண்டும். 1916 ஆகஸ்ட் 21 என்பதைத்தான் இப்போது பெரும்பாலும் ஏற்கிறார்கள். அப்படியானால் பாட்டு வெளியானபோது அவருக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். என்னைப் பொறுத்தவரை இதனால் பாட்டின் மதிப்பு கூடத்தான் செய்கிறது. விவரம் தெரிந்த ஒருவர், தன் கலையில் கை தேர்ந்த பிறகு, யோசித்துச் செய்த வேலை.

அந்தக் கால மெக்சிகோவில் பாட்டு என்றால் வானொலி. 1930 இல் தொடங்கிய எக்ஸ்.ஈ.டபிள்யூ நிலையம் தன்னை ‘லத்தீன் அமெரிக்காவின் குரல்’ என்றே சொல்லிக்கொண்டது. அதன் அலை எல்லைகளைத் தாண்டிப் போனது. அதற்குத் துணையாக வந்த எக்ஸ்.ஈ.க்யூ நிலையத்தில் கொன்சுவேலோ பியானோ வாசித்தார், செவ்வியல் உருப்படிகளை. ஆனால் அவரைச் சுற்றி அப்போது ஒலித்துக்கொண்டிருந்தது முழுக்க பொலேரோ.

பொலேரோ என்றதும் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் அந்த நீண்ட ஆர்கெஸ்ட்ரா உருப்படியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஸ்பெயின் நாட்டு நடனத்திலிருந்து வந்தது. இது வேறு குடும்பம். 1880களில் கியூபாவின் சாந்தியாகோ நகரத்தில் பெப்பே சான்செஸ் என்ற தையற்காரர் கிதாரை வைத்துக்கொண்டு பாடியதிலிருந்து கிளைத்தது. கடல் தாண்டி யுகதான் வழியாக மெக்சிகோவுக்குள் வந்து, அகுஸ்தீன் லாரா போன்ற பாட்டுக்காரர்கள் கையில் நகரத்து இரவுகளின் பாட்டாக மாறியது. நிதானமான நான்கு தட்டு, கிதார் அல்லது பியானோ, காதலித்தவரிடம் நேருக்கு நேர் பேசுகிற வரிகள். கூட்டத்துக்காகப் பாடுவதாக இருக்காது. எதிரே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இதைக் கியூபாவும் மெக்சிகோவும் சேர்ந்து காக்கிற பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. தாமதமான மரியாதைதான், ஆனாலும் சந்தோஷம்.

இந்தப் பொலேரோ அச்சுக்குள் கொன்சுவேலோ கொண்டுவந்து வைத்தது என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு இசையமைப்பாளர் என்ரீக் கிரனாதோஸ், ஓவியர் கோயாவின் உலகத்தை மனதில் வைத்து ‘கோயெஸ்காஸ்’ என்ற பியானோத் தொகுப்பை எழுதினார். 1911 இல் அரங்கேறியது. அதில் நான்காவது உருப்படியின் பெயர் ‘முறையீடு, அல்லது பெண்ணும் நைட்டிங்கேலும்’. இரவில் தோட்டத்தில் ஒரு பெண் தன் ஏக்கத்தைச் சொல்கிறாள். கடைசியில் வார்த்தை எல்லாம் ஓய்ந்து, பறவையின் குரல் மட்டும் பியானோவின் மேல் சுரங்களில் துள்ளிக்கொண்டு போகிறது. வலென்சியா பக்கத்து நாட்டுப்பாடல் ஒன்றின் மெட்டைத்தான் கிரனாதோஸ் இதற்கு அடியாக எடுத்தார். தன் மனைவி அம்பாரோவுக்கு இதைச் சமர்ப்பித்தார். பின்னால் ‘கோயெஸ்காஸ்’ இசைநாடகமாக மாறியபோது இதே மெட்டு கதாநாயகியின் பாட்டாயிற்று. தன் பாட்டுக்கு உந்துதல் இதுதான் என்று கொன்சுவேலோ மறைக்காமல் சொன்னார்.

‘கோயெஸ்காஸ்’ இசைநாடகம் 1916 ஜனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. கிரனாதோஸுக்குக் கடல் பயணம் என்றாலே பயம். இருந்தாலும் மனைவியோடு போனார். ஊர் திரும்பக் கிளம்பும் நேரத்தில், வெள்ளை மாளிகையில் அதிபர் வில்சன் முன் வாசிக்க அழைப்பு வந்தது. அதற்காகத் தங்கியதால் ஸ்பெயினுக்கு நேரே போகிற கப்பலை விட்டுவிட்டார்கள். இங்கிலாந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ‘சஸ்செக்ஸ்’ என்ற கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, மார்ச் 24 அன்று, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் குண்டு தாக்கியது. கிரனாதோஸ் காப்பாற்றப்பட்டார் என்றும், தண்ணீரில் தத்தளித்த மனைவியைப் பார்த்து மறுபடி குதித்தார் என்றும் சொல்வார்கள். இருவரும் போய்விட்டார்கள். அந்தக் கப்பல் முழுதாக மூழ்கக்கூட இல்லை; மிச்சப் பகுதியை இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்தார்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் மெக்சிகோவில் கொன்சுவேலோ பிறக்கிறார். இதற்கு நான் எந்த மாய அர்த்தமும் கற்பிக்கவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும்போது, மனைவிக்காக எழுதிய அந்த மெட்டில் இருந்த ஏக்கம் இந்தப் பாட்டில் வேறு உடம்போடு வருவது எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது.

இரண்டையும் நான் கீபோர்டில் வாசித்துப் பார்த்திருக்கிறேன். நான் கற்றுக்கொள்ளும் வாத்தியார் கல்யாணக் கச்சேரிகளில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பவர். மேற்கத்திய இசையைப் புத்தகம் பார்த்துப் படித்தவர் கிடையாது, காதால் படித்தவர். ‘பெசமே முச்சோ’வை ஹெட்போனில் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வலது கையால் தொடையில் சுரம் பிடித்தார். முடிந்ததும், “கீரவாணிதானே இது? நடுவுல ரெண்டு இடத்துல மட்டும் வெளிய போய்ட்டு வருது” என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

மேற்கத்திய இசையில் ஹார்மோனிக் மைனர் என்று சொல்கிற வரிசையும் நம் கீரவாணி ராகமும் ஒரே சுரங்கள். சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். அதனால்தான் இந்தப் பாட்டு முதல் தடவை கேட்கிற தமிழ்க் காதுக்கும் அந்நியமாக இருப்பதில்லை. சரி, அந்த ‘ரெண்டு இடம்’ எது? டி மைனரில் வாசித்தால் பளிச்சென்று தெரியும். முதல் இடம், ‘பெசமே’ என்ற அழைப்பு மறுபடி வரும்போது. பின்னால் ஒலிக்கிற கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம், மைனராக இருக்காமல் டி செவன்த் ஆகிவிடும். கீரவாணியில் இல்லாத அந்தர காந்தாரம் ஒரு கணம் எட்டிப் பார்க்கும், உடனே ஜி மைனருக்குள் இறங்கிவிடும். கொஞ்சம் வெளிச்சம் வந்தது மாதிரி இருக்கும், அதற்குள் போய்விடும். அந்த இறக்கத்தில் வருகிற வரி ‘உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது’.

இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. நடுப்பகுதியில் பாடுபவர் ‘உன்னை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும், உன் கண்ணில் என்னைப் பார்க்க வேண்டும்’ என்கிறார். மெட்டு கீரவாணிக்குள்ளேயே சமர்த்தாக நடக்கிறது. அப்புறம், ‘நினைத்துப் பார், நாளைக்கு நான் உன்னைவிட்டு வெகு தொலைவில் இருப்பேன்’ என்று வரும். அந்தத் ‘தொலைவில்’ வருகிற இடத்தில் கார்ட் ஈ செவன்த்துக்குப் போகிறது. கீரவாணியில் இல்லாத பிரதி மத்யமம் உள்ளே வந்துவிடுகிறது. வீட்டைவிட்டு வெளியே கால் வைக்கிற இடத்தில் இசையும் தன் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்கிறது. இது தற்செயலாக வராது. அரங்கில் ஷோப்பானும் கிரனாதோஸும் வாசித்த விரல்கள்தான் இதைச் செய்யும். ‘முத்தமே அறியாதவர்’ கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஈ செவன்த்தான் நினைவுக்கு வரும்.

பாட்டின் சாரம் முத்தத்தைவிட மறுநாளில்தான் இருக்கிறது. ‘இன்றிரவுதான் கடைசி என்பது போல முத்தமிடு’ என்று முதல் வாக்கியத்திலேயே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. யார் போகிறார், ஏன் போகிறார், எங்கே போகிறார் என்று ஒன்றும் சொல்லவில்லை. சண்டை இல்லை, துரோகம் இல்லை, ஊர் பெயர் இல்லை, பருவம் இல்லை. பாடுகிறவர் ஆணா பெண்ணா என்றுகூட வரிகளில் இல்லை. காதலித்து அனுபவித்து எழுதியிருந்தால் ஏதாவது ஒரு தெரு, ஒரு ஜன்னல், ஒரு மழை உள்ளே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கற்பனையில் எழுதியதால் பயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கேட்பவர் தன் பயத்தைக் கொண்டுவந்து அதில் வைத்துக்கொள்ளலாம். அந்த வகையில் அந்த ‘முத்தமறியாத’ கதைக்கும் ஓர் இடம் உண்டுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நல்ல பாட்டு என்பதற்காக மட்டும் ஒரு பாட்டு நாடு தாண்டிவிடாது. வழி திறந்திருக்க வேண்டும். இந்தப் பாட்டுக்கு வழி திறந்த விதம் சுவாரசியமானது.

1941 ஜனவரி முதல் தேதி அமெரிக்க வானொலியில் பெரும்பாலான பழக்கப்பட்ட பாட்டுகள் நின்றுபோயின. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சங்கமான ஆஸ்காப் கட்டணத்தை உயர்த்தக் கேட்டது. நிலையங்கள் மறுத்து, பி.எம்.ஐ என்று தங்களுக்கே ஒரு போட்டி அமைப்பை வைத்துக்கொண்டன. அந்த வருடம் இலையுதிர்காலம் வரை இழுபறி. ஒலிபரப்பப் பாட்டு வேண்டுமே? ரால்ஃப் பியர் என்ற பதிப்பாளர் பல வருடங்களாக மெக்சிகோ, கியூபாப் பாட்டுகளின் உரிமைகளை வாங்கி வைத்திருந்தார். அவை பி.எம்.ஐ பக்கம் வந்தன. அந்த இடைவெளியில் லத்தீன் மெட்டுகள் வீடுவீடாகப் புகுந்தன. ரூஸ்வெல்ட் அரசு அக்கம்பக்கத்து நாடுகளோடு நட்புப் பாராட்டும் கொள்கையில் இருந்ததும் சேர்ந்துகொண்டது.

இசைக்குழுத் தலைவர் ஜிம்மி டோர்சி இந்தக் காற்றைச் சரியாகப் பிடித்தவர். ‘அமபோலா’, ‘மரியா எலெனா’, ‘கிரீன் ஐஸ்’ மூன்றும் 1941 இல் அவருடைய குழுவின் பெரிய வெற்றிகள். மூன்றும் ஸ்பானிய மொழி உலகத்திலிருந்து வந்தவை. அவருக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. முதலில் பாப் எபர்லி நிதானமாக, ஆழமாகப் பாடுவார். பிறகு குழு வேகம் பிடிக்கும், பெண் குரல் உள்ளே வரும்.

அடுத்த திருப்பம் இன்னொரு தகராறு. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர்கள் சங்கம், இசைத்தட்டுகள் தங்கள் வயிற்றில் அடிக்கின்றன, அதற்கு ஈடு வேண்டும் என்று ஒலிப்பதிவையே நிறுத்தியது. கோரிக்கை நியாயமானது; நேரில் வாசிக்கிறவரின் வேலையைத் தட்டு பிடுங்கிக்கொண்டிருந்த காலம். டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் 1943 செப்டம்பரில் சமரசத்துக்கு வந்தது. போட்டி நிறுவனங்களான ஆர்.சி.ஏ விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை பிடிவாதமாக இருந்தன. டோர்சி டெக்காவின் ஆள். அவர் குழுவும் எபர்லியும் பாடகி கிட்டி கேலனும் சேர்ந்து ‘பெசமே முச்சோ’வைப் பதிவு செய்ய முடிந்தது, மற்ற பெரிய குழுக்கள் பல வாய்மூடி இருந்தன. 1944 தொடக்கத்தில் அது அமெரிக்காவின் முதலிடப் பாட்டு. ஆண்டி ரஸ்ஸல் பாடியதும் அதே சமயத்தில் ஓடியது. பாட்டு ஊரெங்கும் ஒலித்தபோது பாப் எபர்லியே ராணுவத்துக்குப் போயாகிவிட்டது.

அது என்ன வருடம் என்று யோசியுங்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது; அந்த ஜூனில் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. ரயில் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் இளைஞர்கள் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். ‘இன்றிரவுதான் கடைசி என்பது போல’ என்பது அவர்களுக்கு உவமை இல்லை, நடப்பு. இதில் ஓர் ஆச்சரியம், சன்னி ஸ்கைலர் எழுதிய ஆங்கில வரிகளில் அந்தக் கடைசி இரவு முன்னால் வருவதே இல்லை. முத்தமிடும்போது இசை கேட்கிறது, எப்போதும் என்னுடையவன் என்று சொல், இந்த இன்பம் புதிது என்று போகிறது. நீ பிரிந்தால் என் வாழ்வே முடிந்தது என்பது கடைசியில்தான் எட்டிப் பார்க்கிறது. இருந்தும் ஜனங்கள் அதைப் பிரிவுப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். வார்த்தையில் விட்டதை அந்த மெட்டு சொல்லிவிட்டது என்பதுதான் என் எண்ணம். ஈ செவன்த் எந்த மொழியில் பாடினாலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் பாட்டு போகாத இடம் இல்லை. எல்லாவற்றையும் அடுக்கினால் அகராதி ஆகிவிடும். எனக்கு முக்கியமாகப் படுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சிலி நாட்டு லூச்சோ காதிகா பாடியது பொலேரோவின் இலக்கணம் மாதிரி. பட்டுக் குரல், அவசரமே இல்லை. லத்தீன் அமெரிக்காவில் இரண்டு தலைமுறை இந்தப் பாட்டை அவர் குரலில்தான் மனதில் வைத்திருந்தது.

பீட்டில்ஸ் பாடியது வேறு கதை. 1960 இல் கோஸ்டர்ஸ் குழு இதைத் துள்ளலாகப் பாடி வெளியிட, லிவர்பூல் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1962 ஜனவரி முதல் தேதி லண்டனில் டெக்கா நிறுவனத்தின் தேர்வுக்குப் போனபோது பாடிய பாட்டுகளில் இதுவும் ஒன்று. பால் மெக்கார்ட்னி பாட, நடுவில் ‘சா-சா-பூம்’ என்று மற்றவர்கள் கத்துவார்கள். டெக்கா அவர்களை வேண்டாம் என்றது. ஜூன் 6 இல் ஈ.எம்.ஐ நிறுவனத்தின் ஒலிப்பதிவு அரங்குக்குப் போனபோதும் அதே பாட்டு. அந்தப் பதிவு 1995 வரை வெளியே வரவில்லை. உலகப் புகழுக்கு முன், கதவு தட்டும் காலத்தில் அவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போனது ஒரு மெக்சிகோக்காரப் பெண்ணின் பொலேரோ. 1969 ஜனவரியில், குழு உடைகிற தறுவாயில், படப்பிடிப்புக்கு நடுவே மெக்கார்ட்னி இதைக் கம்பீரமாகக் குரல் உயர்த்திப் பாடுவதைப் பார்க்கலாம். சோர்ந்துபோன அறையில் நால்வருக்கும் கொஞ்ச நேரம் பழைய முகம் திரும்புகிறது.

ஜாஸ் பக்கம் வெஸ் மாண்ட்கோமரி 1963 இல் கிதாரில் இதைத் திஸ்ர நடைக்கு மாற்றி வாசித்தார். கவலையே இல்லாத பாட்டு போல ஆகிவிடுகிறது. வாசிப்பு அற்புதம், ஆனால் பாட்டின் பயம் அதில் காணாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். 1980 இல் சோவியத் நாட்டில் வெளியாகி ஆஸ்கர் வாங்கிய ‘மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை’ படத்திலும் இந்தப் பாட்டு வருகிறது. வாழ்க்கை தேடித் தலைநகருக்கு வந்த பெண்களின் கதைக்குள் ஸ்பானிய மொழிப் பாட்டு ஒன்று ஒட்டாமல் நிற்கும் என்று தோன்றும். பார்த்தால் அப்படி இல்லை.

பிரேசிலின் ஜுவாவ் ஜில்பெர்த்தோ 1977 இல் ‘அமொரோசோ’ என்ற ஆல்பத்தில் பாடியதைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். எட்டு நிமிடத்துக்கும் மேல் போகிறது. பாடுகிறாரா, காதருகில் பேசுகிறாரா என்று சொல்ல முடியாத குரல். திரும்பத் திரும்ப அதே வரிகளுக்கு வருகிறார். ஒவ்வொரு முறையும் சொல் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழுகிறது. விடிந்துவிடக் கூடாதே என்று நேரத்தை நீட்டுகிற ஒருவர் இப்படித்தான் பாடுவார். பின்னால் வயலின்களைக் கோத்தவர் க்ளாஸ் ஓகர்மன். 2001 இல் கனடாவின் டயானா க்ரால் இதே பாட்டைப் பாடியபோதும் வயலின்கள் அவருடையவைதான். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஒரே பாட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் அவர் குரலை மூடவே இல்லை. பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்துக்குக் காத்திருந்து வயலினை உள்ளே விடுகிறார்.

ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் செசாரியா எவோராவைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கிடக்கிற கேப் வெர்டே தீவுகளின் பாடகி. வெறுங்காலோடு மேடை ஏறியவர். மழை பொய்க்கிற ஊர். பஞ்சத்துக்குப் பயந்தும் வேலை தேடியும் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த இடம். வழியனுப்பிவிட்டுக் கரையில் நிற்கிறவர்களின் பாட்டுதான் அந்தத் தீவுகளின் ‘மோர்னா’ இசை. அவர் ‘பெசமே முச்சோ’ பாடியது, மெக்சிகோக்காரரான அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கி 1998 இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றுக்காக. எவோரா கெஞ்சவில்லை, உருகவில்லை. ‘நாளைக்கு நான் வெகு தொலைவில் இருப்பேன்’ என்ற வரியை, ஏற்கனவே பலமுறை நடந்ததைச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார். மற்றவர்கள் பாடும்போது அது பயம். அவர் பாடும்போது தெரிந்த விஷயம்.

இத்தனைக்கும் நடுவில் கொன்சுவேலோ என்ன ஆனார்? எக்ஸ்.ஈ.க்யூ நிலையத்தில் கலைப் பொறுப்பில் இருந்து, பின்னாளில் ஆர்.சி.ஏ விக்டருக்குப் போன மரியானோ ரிவேரா கோந்தேயை மணந்தார். இரண்டு மகன்கள். தொடர்ந்து எழுதினார். 1979 முதல் 1982 வரை மெக்சிகோ நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, எழுதியவருக்குச் சேர வேண்டிய பங்கு சேர வேண்டும் என்று வாதாடினார். தன் பாட்டு உலகெங்கும் எத்தனை பேர் வாயில் புழங்கியது என்று பார்த்தவருக்கு அதில் அக்கறை இருந்ததில் வியப்பில்லை. ஒரு பாட்டு இவ்வளவு பெரிதாகிவிட்டால் அதை எழுதியவர் பெயர் பின்னால் போய்விடும். ‘பெசமே முச்சோ’வை நாட்டுப்பாடல் என்றே நம்பிக்கொண்டிருப்பவர்களை நானே சந்தித்திருக்கிறேன். 2005 ஜனவரி 22 அன்று மெக்சிகோ நகரத்தில் அவர் காலமானார்.

இதைப் படித்துவிட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் கிரனாதோஸ், அலிசியா தெ லரோச்சா வாசித்த ‘கோயெஸ்காஸ்’ பதிவில் நான்காவது. உடனே லூச்சோ காதிகா. அப்புறம் ஜில்பெர்த்தோ, கடைசியில் எவோரா. பிறகு தயவுசெய்து ‘பெசமே முச்சோ’வை விட்டுவிட்டு, கொன்சுவேலோவின் மற்ற பாட்டுகளுக்கு வாருங்கள். ‘கச்சீதோ’ இருக்கிறது, மகனை நினைத்து எழுதியது. நாட் கிங் கோல் 1958 இல் ஸ்பானிய மொழியில் பாடினார். ‘அமார் ஈ விவீர்’ இருக்கிறது. ‘வெர்தாத் அமார்கா’ இருக்கிறது. கசப்பான உண்மையை வேறு வழியில்லாமல் சொல்லிப் பிரிகிற பாட்டு. அதில் கற்பனையின் படபடப்பு இல்லை, நிதானம் இருக்கிறது. அந்தக் கார்ட்களையும் வாத்தியாரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.